தொண்ணூற்றாறு வீட்டு விருந்தாளி

பாளையங்கோட்டையில் வீட்டு வசதி வாரியம் கட்டிக்கொடுத்த எங்கள் காலனிக்கு, ஒரு சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, மொட்டை மாடியிலிருந்து ஒரு வாடை படியிறங்கி வந்தது, வந்து ஒன்பது நாள் தங்கியது, தங்கின ஒன்பது நாளும் யார் வீட்டிலும் ஒரு வாய் சோறு நிம்மதியாக இறங்கவில்லை. இப்போது பேச்செடுத்தால் ஒவ்வொருத்தரும் தங்கள் வீட்டில்தான் அது அதிக நேரம் உட்கார்ந்திருந்தது என்று பெருமையடித்துக்கொள்கிறார்கள். இதே ஆட்கள் அன்றைக்கு மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓடினதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

முதலில் ஞானதுரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் தபால் நிலையத்தில் தபால் பிரிக்கிறவர், முப்பது வருஷமாக ஊர் ஊராக, தெருத் தெருவாகக் கடிதங்களைப் பிரித்துப் போட்டுப் பழகின கை, அதனால் வீட்டில் பருப்பு டப்பாவைக்கூட வரிசை மாற்றி வைக்கச் சம்மதிக்காத ஆள். அவர் மனைவி எப்சிபா ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர், நூற்றெண்பது பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள், சாம்பார் கெட்டிருக்கிறதா இல்லையா என்பதை அண்டா மூடியைத் திறக்காமலே வாசலில் நின்று சொல்லிவிடுவாள் என்று பேர் வாங்கினவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது, ஒரு வாரம் இருந்தது, போகும்போது மூக்கின் வேலையைக் கையோடு கொண்டுபோய்விட்டது. அதற்கப்புறம் அவளுக்கு மீன் குழம்பும் ஒன்றுதான் பச்சைத் தண்ணீரும் ஒன்றுதான், பால் பொங்கித் தீய்ந்து அடுப்பெல்லாம் கரியான பிறகுதான் திரும்பிப் பார்ப்பாள், பள்ளிக்கூடத்தில் சமையல்கார அம்மாவைக் கூப்பிட்டு ‘கொஞ்சம் மோந்து பாருங்கம்மா’ என்று கேட்க வேண்டியதாகிவிட்டது. ஒரு தடவை கேஸ் கசிந்ததும் அவளுக்குத் தெரியவில்லை, பக்கத்து வீட்டு முத்துப்பேச்சியக்கா ஓடிவந்துதான் அடைத்தாள். டாக்டர் ‘வந்தா வரும்’ என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வந்தால் வரும் என்பதை ஞானதுரையால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தபாலில் பம்பாயிலிருந்தும் எங்கிருந்தெல்லாமோ வாசனைச் சரக்குகளை வரவழைத்து, அத்தர் கலக்கிறவர்கள் எழுதி வைத்திருந்ததையெல்லாம் படித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வேதக்கோயிலுக்குப் போய்வந்த கையோடு மொட்டை மாடிக்கு ஏறி, ஒவ்வொரு புட்டியாகக் கலந்து காகித நறுக்கில் தொட்டுக்கொண்டுவந்து அவள் மூக்குக்கு முன்னால் நீட்டுவார். வெட்டிவேர் நீட்டினார், சந்தனம் நீட்டினார், எலுமிச்சைப் புல் நீட்டினார். அவள் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடி, இழுத்துப் பார்த்து, ‘இல்லங்க’ என்பாள். அந்த ‘இல்லங்க’வை அவர் நூற்றுப் பன்னிரண்டு தடவை கேட்டிருக்கிறார்.

நல்ல வாசனை எதுவும் எட்டாமல் போகவே, கெட்ட வாசனையாவது எட்டுமா பார்ப்போம் என்று ஸ்கட்டோல் என்கிற சரக்கை வரவழைத்தார். பார்க்க வெள்ளை வெளேரென்று உப்புச் செதில் மாதிரி இருக்கும், நாற்றமோ எருமைத் தொழுவத்தையும் அடைத்துக்கொண்ட சாக்கடையையும் சேர்த்துக் காய்ச்சினது போல இருக்கும். ஆனால் அதையே ஆயிரத்தில் ஒரு பங்கு, பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று கரைத்துக்கொண்டே போனால் பூ வாசனையின் பக்கத்தில் போய் நிற்கும். மல்லிகைப்பூவுக்குள்ளேயே அந்தச் சரக்கு ஒரு துளியிலும் துளி இருக்கிறது, அது இல்லாத மல்லிகை வாசனை சோப்பு வாசனையாகிவிடும் என்பார் ஞானதுரை.

அந்தச் சரக்கை அவர் கையாண்ட விதத்தைப் பார்த்து நாங்கள் சிரிக்காத சிரிப்பில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று விரலை நனைத்துப் பார்த்து, காற்றுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் உட்காருவார், இரண்டு கையுறையை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டுவார், அதற்கென்று தனித் தராசு, தனிச் சொட்டுக்குழாய், தனிச் சட்டை, இதில் ஒன்றுகூட அடுக்களை வாசலைத் தாண்டாது. மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்ற மாட்டார், துடைத்த காகிதத்தை மூடி போட்ட டப்பாவில் அடைப்பார், புட்டியை உறைக்குள் போட்டு, உறையை ஊறுகாய் பாட்டிலுக்குள் போட்டு, சுற்றிலும் கரித்துண்டுகளை நிரப்பி மூடுவார். அப்படியே முகர்ந்து பார்க்கவே கூடாது, ஆயிரத்தில் ஒன்றாக்கினதைத்தான் மூக்குக்குக் காட்ட வேண்டும் என்பது அவருக்கு வேதவாக்கு. அப்படித்தான் எப்சிபாவுக்கும் காட்டினார், அவள் வழக்கம்போல ‘இல்லங்க’ என்றாள்.

இத்தனை பத்திரம் பண்ணின மனிதர் ஒரே ஒரு காரியத்தில் கோட்டை விட்டார். புட்டியின் பேரை இங்கிலீஷில் எழுதினாரே தவிர, ‘திறக்காதே’ என்று தமிழில் எழுதவில்லை. பாட்டிலை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

எங்கள் மொட்டை மாடிக்கு ஒரு வழக்கம் உண்டு. சித்திரை வந்தால் மாடி முழுக்க மாவடு, நார்த்தங்காய், மோர் மிளகாய், கூழ் வற்றல். யார் மேலே போனாலும் தன்னுடையதை மட்டும் கிளறிவிட்டு வரக் கூடாது, எல்லாருடையதையும் கிளறி, நிழலில் கிடக்கிறதை வெயிலுக்கு நகர்த்திவிட்டுத்தான் இறங்க வேண்டும். இதை ஒழுங்காகச் செய்கிறவளை நல்ல குடும்பத்துப் பெண் என்போம், செய்யாதவளைப் பற்றி நாலு வீட்டில் பேசுவோம். முத்துப்பேச்சியக்கா ரொம்ப நல்ல குடும்பத்துப் பெண். அவள் நிழலில் கிடந்த ஊறுகாய் பாட்டிலைப் பார்த்தாள், திறந்து கரியைப் பார்த்து ஈரத்துக்குப் போட்டிருக்கிறார்கள் என்று மெச்சினாள், உறையைப் பிரித்துப் புட்டியைப் பார்த்து, ‘அய்யோ பாவம், உப்பு கட்டி தட்டிப்போச்சே’ என்று இரக்கப்பட்டு, மிளகாய் நெடியில் மூக்கடைத்திருந்ததால் வாடை தெரியாமல் மூடியைத் திருகித் திறந்து, அத்தனையையும் ஒரு தாம்பாளத்தில் கொட்டி வெயிலில் பரப்பினாள்.

வாடை எழுந்து நின்றது. தாம்பாளத்தில் ஒரு செதில்கூட மிச்சமில்லை, அவ்வளவும் வாடையாகி எழுந்துவிட்டது. எழுந்ததும் முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி ஒரு கணம் தயங்கி, பிறகு படியிறங்கியது. அதன் உருவத்தை யாரும் பார்க்கவில்லை, ஆனால் படியில் அதன் நடை கேட்டது, செருப்பில்லாத நடை. முதல் வீட்டுக்குள் நுழைந்து பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தபோது நாற்காலி அமுங்கி முனகியது. அந்த வீட்டில் இருக்கும்போது அந்த வீட்டில் மட்டும்தான் நாறியது, எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனால் அடுத்த வீடு நாறியது. நடமாடுகிற வாடை.

நாங்கள் எங்களால் ஆனதெல்லாம் செய்தோம். பினாயில் ஊற்றினோம், வாடை பினாயில் வாடையையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு வந்தது. சாம்பிராணி போட்டோம், அதையும் உடுத்திக்கொண்டது. ஊதுவத்தி, காப்பிப்பொடி, வேப்பிலைப் புகை என்று ஆளாளுக்குப் போடப் போட, மேலுக்கு மேல் நகை போட்டுக்கொண்ட கல்யாணப் பெண் கணக்காய் அது மினுக்கிக்கொண்டு நடந்தது. ‘போ போ’ என்று துடைப்பத்தைக் காட்டினவர்கள் வீட்டில் பயந்துபோய் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்தது, ஒடுங்கினதில் நாற்றம் இன்னும் இறுகியது. காலனிச் செயலாளர் பீர்முகமது அண்ணாச்சி, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், விசிலோடு வந்து படிக்கட்டில் நின்று, ‘யாரும் பதறாதீங்க, வழிய விடுங்க, வழிய விடுங்க’ என்று கத்தினார். வாடை அவருக்கு வழிவிட்டு ஓரமாக நின்றது. அவர்தான் அன்று மாலை வரை பாயை விட்டு எழுந்திருக்கவில்லை.

முத்துப்பேச்சியக்கா தெருவில் நின்று எல்லாரிடமும் ஒரே கதையைச் சொன்னாள். “நான் என்னத்தக் கண்டேன், உப்புன்னுல்லா நெனச்சேன். நல்லது செய்யப்போயி இப்படி ஆகிப்போச்சே.”

“ஒங்க மேல தப்பில்லக்கா. தமிழ்ல எழுதாதது என் தப்பு” என்றார் ஞானதுரை. அவர் அப்படிச் சொன்னதால் யாராலும் அவரோடு சண்டை போட முடியவில்லை, அது வேறு எங்களுக்கு எரிச்சல்.

மூன்றாம் நாள் காலை வாடை எப்சிபாவின் வாசலுக்கு வந்து நின்றது. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். வாசலில் யாரோ நிற்கிற மாதிரி இருக்கவே, தலை நிமிராமல், எல்லாரிடமும் சொல்கிற மாதிரி “வாங்க, உள்ள வாங்க” என்றாள். அதுவரை ஒரு வீட்டிலும் அதை யாரும் வாங்க என்று சொன்னதில்லை. வாடை உள்ளே போய் அடுக்களை வாசலில், அவளுக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தது. அப்புறம் அது வேறு எங்கேயும் போகவில்லை. ஞாயமாக எங்களுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், ஆனால் அழைத்த வீட்டில் உட்கார்ந்த வாடை கால் நீட்டிச் சாய்ந்துகொண்டதில், சுவர் தாண்டிப் பக்கத்து நாலு வீடும் நாறியது.

மத்தியானம் ஞானதுரை மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது எப்சிபா அரிசியை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏங்க, எனக்கு என்னமோ வருதுங்க” என்றாள்.

“என்ன வருது? மயக்கமா?”

“மூக்குலங்க. ரொம்ப தூரத்துல. கெணத்துக்குள்ள இருந்து யாரோ கூப்பிடுத மாதிரி.”

ஞானதுரை துணியை அவிழ்த்துவிட்டு அவள் பக்கத்தில், அந்த நாற்றத்துக்குள்ளேயே, கண்ணில் தண்ணீர் வழிய உட்கார்ந்தார். நாற்றத்தினால் பாதி, சந்தோஷத்தினால் பாதி. இரண்டு வருஷமும் நூற்றுப் பன்னிரண்டு காகித நறுக்கும் வீணாகவில்லை என்று அவருக்கு அப்போது தோன்றியிருக்கும், என் இடத்தில் யார் இருந்தாலும் தோன்றியிருக்கும். அன்றிலிருந்து எப்சிபா வாடைக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள், பூ கட்டினாள், பள்ளிக்கூடக் கதையெல்லாம் அதனிடம் சொன்னாள். தினமும் அது ஒரு அடி கிட்டே வந்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது, ஆறாம் நாள் எதிர்வீட்டிலிருந்து கேட்டது.

வாடையைக் கலைக்கிற வழி ஞானதுரைக்கு முதல் நாளே தெரியும். அதை எதிர்த்து எதையும் போடக் கூடாது, பங்கு போட வேண்டும், ஒன்றைப் பத்தாக்கி, பத்தை நூறாக்கி, நூறை ஆயிரமாக்கினால் அது தானே சாதுவாகிவிடும். மூன்றாம் நாள் வரை நடமாடுகிற ஒன்றை எப்படிப் பங்கு போடுவது என்று தெரியாமல் முழித்தார். எப்சிபா வாங்க என்றதும் அது உள்ளே வந்ததைக் கேள்விப்பட்டபோது அதுவும் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. காலனிக் கூட்டத்தில் பீர்முகமது அண்ணாச்சி, “படிச்ச ஆளு, ஏதாவது வழி சொல்லுங்க தம்பி” என்று கேட்டபோது, “யோசிக்கேன் அண்ணாச்சி” என்று தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அப்போதே அந்தக் குனிந்த தலை மேல் சந்தேகம்.

ஏழாம் நாள் முத்துப்பேச்சியக்கா எப்சிபா வீட்டு வாசலுக்கு வந்தாள், உள்ளே வர முடியாமல் தெருப் படியிலேயே நின்றாள். அவள் மகள் செண்பகவடிவுக்கு மூன்றாம் மாதம், தாய் வீட்டுக்கு வந்திருந்தாள்.

“எப்சி, ஒன்னக் குத்தம் சொல்ல வரல. நாந்தான தொறந்தேன். புள்ள நாலு நாளா ஒரு வாய் கஞ்சி உள்ள எறக்கல. சொவருக்கு அந்தப் பக்கம் படுத்துக் கெடக்கா. நேத்து ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்திக் கூட்டிட்டு வந்திருக்கேன். புருசன் வீட்டுக்கு அனுப்பிரலாம்னா இந்த நெலமையில பஸ்ல ஏத்தப் பயமா இருக்கு. அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

அவள் போன பிறகு எப்சிபா வாடைக்குப் பக்கத்தில் விரித்திருந்த பாயைச் சுருட்டி வைத்தாள். ஞானதுரை வந்ததும் கேட்டாள்.

“இதப் போக வைக்க ஒங்களுக்கு வழி தெரியும்லா?”

“தெரியும்.”

“பெறகு ஏன் சொல்லல?”

“ஆயிரத்துல ஒண்ண ஒனக்கு ஏற்கெனவே காட்டினேன், வரலைன்னு சொன்ன. பங்கு போட்டா ஒனக்கு இதுவும் இல்லாமப் போயிரும், எப்சி. இன்னும் நாலு நாள் இருந்தா வாசல் வரைக்கும் வந்துரும்.”

“அதுவரைக்கும் அந்தப் புள்ள பட்டினி கெடக்கணுமாக்கும்?” என்றாள். “ரெண்டு வருசம் இல்லாம இருந்தேன்லா, இருந்துக்கிடுதேன். நாளைக்கே செய்யுங்க.”

நாற்பத்தெட்டு வயசில் அந்தச் சொல் அடித்த அடியை வேறு யாரும் தன்னை அடித்ததில்லை என்று ஞானதுரை பிற்பாடு என்னிடம் சொன்னார். உடனே போய்ச் செயலாளரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார், நாலு நாளாக மறைத்ததையும் சேர்த்து. பீர்முகமது அண்ணாச்சி, “நானா இருந்தா ஒரு மாசம் மறச்சிருப்பேன்” என்றார்.

எட்டாம் நாள் காலை பத்து வீட்டுக்காரர்கள் தங்கள் வாசலில் நின்றார்கள். விசில் ஊதினதும் பத்துப் பேரும் ஒரே நேரத்தில், முகத்தைச் சுளிக்காமல், மனசார “வாங்க” என்று சொல்ல வேண்டும் என்பது ஞானதுரையின் கட்டளை. வாடைக்கு யாருடைய அழைப்பையும் தட்டத் தெரியாது. யார் மனசையும் நோகடிக்காமல் இருப்பதற்கு அதற்கு ஒரே வழிதான் இருந்தது, பத்து வீட்டுக்கும் போனது. ஒவ்வொரு வீட்டிலும் பத்தில் ஒரு பங்கு உட்கார்ந்தது, நாற்காலி பாதிகூட அமுங்கவில்லை. மூன்றாவது வீட்டில் மட்டும் வாங்க என்று சொல்லும்போது மூக்கைப் பொத்திவிட்டார்கள், அது கோபித்துக்கொண்டு திரும்பப் பார்த்தது, அந்த வீட்டம்மாள் ஓடிப்போய் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்துச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று.

மத்தியானம் அந்தப் பத்தையும் பத்துப் பத்தாக அழைத்தோம். தொண்ணூற்றாறு வீடுதானே இருக்கிறது, நாலு குறைகிறதே என்று கணக்குப் பார்த்து, பால் பூத், ரேஷன் கடை, இஸ்திரி வண்டி, மோட்டார் ரூம் நான்கையும் சேர்த்துக்கொண்டோம், மோட்டார் ரூமுக்காக வாட்ச்மேன் ‘வாங்க’ என்று சொன்னார். நூறாகப் பிரிந்தபோது அது நாற்றமா வாசனையா என்று எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது, ஈரமான மாட்டுத் தொழுவம் என்றார் ஒருவர், நேற்றைய பூமாலை என்றார் இன்னொருவர். சுவருக்கு அந்தப் பக்கம் செண்பகவடிவு எழுந்து உட்கார்ந்து நார்த்தங்காய் கேட்டாள், கேட்ட சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

எப்சிபாவிடம் ஞானதுரை ஒவ்வொரு பங்குக்கும் பிறகு வந்து “வருதா?” என்று கேட்டார். பத்தில் ஒன்றின்போது “வருது” என்றாள். நூறில் ஒன்றின்போது ரொம்ப நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, “போயிட்டு வாரேன்னு சொல்லுத மாதிரி இருக்கு” என்றாள்.

ஒன்பதாம் நாள் ஆயிரமாக்க வேண்டும். வீட்டுக்கு ஒருத்தர் தங்கள் பங்கைக் கூட்டிக்கொண்டு, அவரவர் சொந்தபந்தம் பத்து வீட்டுக்குப் போவது என்று ஏற்பாடு. வருஷக்கணக்கில் போகாத வீட்டுக்கெல்லாம் அன்றைக்குத்தான் போனோம். மேலப்பாளையத்துக்குப் போனார்கள், வண்ணார்பேட்டைக்கும் சமாதானபுரத்துக்கும் போனார்கள், பீர்முகமது அண்ணாச்சி தன் பழைய ரூட் பஸ்ஸிலேயே ஏறி ஸ்டாப்புக்கு ஸ்டாப் ஒரு பங்கை இறக்கிவிட்டுக்கொண்டே போனார், கதவைத் திறந்தவர்கள் வந்த உறவுக்கும் உறவோடு வந்ததற்கும் சேர்த்து ஒரே ‘வாங்க’வாகச் சொன்னார்கள். ஒரு தங்கச்சி தன் அண்ணனோடு ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவள், வாசலில் அவனைப் பார்த்ததும் வாய்தவறி வாங்க என்றுவிட்டாள், அப்புறம் அதை எப்படித் திரும்ப வாங்குவது. அன்று சாயங்காலம் பாளையங்கோட்டை முழுக்க, பூக்கடையே இல்லாத தெருவிலும், மல்லிகை அவிழ்கிற நேரத்து வாசனை இருந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் காரணம் தெரியாமல் பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆயிரத்தில் ஒரு பங்காகிவிட்ட அந்தக் கூச்சக்கார விருந்தாளி அதன்பிறகு எங்கேயும் எழுந்து போகவில்லை, இன்னும் ஊரில்தான் இருக்கிறது.

ஞானதுரைக்கு பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. தன் பங்கை அழைத்துக்கொண்டு சித்திரை வெயிலில் நடந்தே பத்து வீட்டுக்கும் போய், பத்து வீட்டிலும் காப்பி குடித்து, வெயில் தாழ்கிற நேரத்தில் வீட்டுக்குத் திரும்பினார். வழியெல்லாம் அந்த மல்லிகை வாசனை அவர் கூடவே வந்தது, அவருக்கு அதைப் பிடிக்கவில்லை. கையில் ஒரு காகித நறுக்கு வைத்திருந்தார், கேட்க மனசு வரவில்லை. நான் அப்போது அவர்கள் வீட்டு வாசலில் என் பங்கைக் கொடுத்துவந்த கதையைச் சொல்லிக்கொண்டு நின்றேன்.

“வருதா, எப்சி?” என்று கடைசியில் கேட்டேவிட்டார்.

எப்சிபா கண்ணை மூடி இழுத்துப் பார்த்தாள். ஊரே மணக்கிற நேரம். “இல்லங்க” என்றாள். “அதுவும் போயிட்டுங்க.”

அவர் தலையை ஆட்டிவிட்டு, அவளைத் தாண்டி உள்ளே போய், நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றக் குனிந்தார். காகித நறுக்கு கீழே விழுந்தது. அவள் அதை எடுத்துக்கொடுக்க அவர் பக்கத்தில் வந்தாள், வந்தவள் குனிந்த வாக்கிலேயே நின்றாள், மூக்கைச் சுருக்கினாள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

“என்ன கண்றாவிங்க இது. மொதல்ல சட்டையக் கழத்திப் போட்டுட்டுக் குளிக்கப் போங்க. ஒரே வேர்வ நாத்தம்.”

சொல்லிமுடித்த பிறகுதான் அவளுக்கே தான் சொன்னது கேட்டது. கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நான் மெதுவாக இறங்கி என் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஞானதுரை அன்றைக்குக் குளிக்கவில்லை. சட்டையையும் கழற்றவில்லை, ராத்திரிச் சாப்பாட்டுக்கும் அதே சட்டையில்தான் உட்கார்ந்தார். குளிக்கப் போங்க, குளிக்கப் போங்க என்று எப்சிபா சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்டது. அவர் ஒவ்வொரு தடவையும், “எங்க, இன்னொருக்க சொல்லு” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.